ஐந்து வெள்ளைச் சட்டைகள்

வீடு மாற்றும்போதுதான் நம்மிடம் என்னவெல்லாம் இருக்கின்றன என்ற கணக்கு நமக்கே தெரியவருகிறது. 2015-இல் மதுரையில் ஒரு வாடகை வீட்டிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தபோது என் சட்டைகளைக் கட்டிலில் கொட்டி எண்ணிப் பார்த்தேன். 43 இருந்தன. அவற்றில் உண்மையாகவே நான் போட்டுக்கொண்டவை ஏழோ எட்டோதான். மற்றவை தீபாவளிக்கு எடுத்தவை, கல்யாணங்களில் தாம்பாளத்தில் வைத்துத் தரப்பட்டவை, என்றாவது மெலிந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தவை. மெலிகிற உத்தேசம் எனக்கு இல்லை என்பது அன்று தெளிவாயிற்று. ஒரு மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, மேலமாசி வீதிக் கதர்க் கடைக்குப் போய் ஐந்து வெள்ளைச் சட்டைகள் வாங்கினேன். இரண்டு கால்சட்டைகளும் மூன்று எட்டு முழ வேட்டிகளும் ஏற்கெனவே இருந்தன. ஒரு சட்டை கிழிந்தால் அதற்கு ஈடாக ஒன்று. அதற்கு மேல் இல்லை. பத்து ஆண்டுகளாக இதுவே என் உடை.

அந்தக் கடை இருக்கும் கட்டிடத்தைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1921 செப்டம்பர் 22 அன்று, அந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் குல்லாயையும் துறந்து முழத்துண்டுக்கு மாறினார். அக்டோபர் கடைசி வரைக்கும் என்றுதான் முதலில் சொன்னார். பிறகு கடைசி நாள் வரைக்கும் அப்படியே இருந்துவிட்டார். 1931-இல் இங்கிலாந்து மன்னரின் அரண்மனைத் தேநீர் விருந்துக்குப் போனதும் அந்தக் கோலத்தில்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து சட்டை வாங்குகிறவனுக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்வான எண்ணம் வந்துவிடுவது இயல்பு. எனக்கும் வந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சௌகரியங்களைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பீரோ முன்னால் நிற்கிற வேலை இல்லை. ஊருக்குக் கிளம்பப் பை கட்ட ஐந்து நிமிடம் போதும். துணியின் குணமும் நன்றாகப் பிடிபட்டுவிடுகிறது. கதர் முதல் நான்கைந்து துவைப்புகளில் முரண்டு பிடிக்கும், பிறகு உடம்போடு இணங்கும். நீலம் கூடிப்போனால் சட்டை முழுவதும் திட்டுத்திட்டாகிவிடும். எல்லாச் சட்டையிலும் முதலில் நைந்துபோவது கழுத்துப்பட்டியின் மடிப்புதான், அதற்கடுத்துக் கைப்பட்டி.

கழுத்துப்பட்டி விஷயம் எனக்கு அப்பாவிடமிருந்து தெரிந்தது. அப்பா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். நாளெல்லாம் அவரைச் சுற்றிப் புடவைகள் விரிந்து மடிந்துகொண்டிருக்கும். அவருக்கு இருந்தவை இரண்டு சட்டைகள், மூன்று வேட்டிகள். காலர் நைந்ததும் தையற்காரரிடம் கொடுப்பார். அவர் அதைப் பிரித்து, உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பித் தைத்துத் தருவார். சட்டைக்கு இன்னும் ஒரு வருடம் ஆயுள் கூடும். அந்தப் பக்கமும் தேய்ந்தால் சட்டை அடுப்படிக்குப் போய்க் கைப்பிடித் துணியாகும். வேட்டி கிழிந்தால் பாதி துண்டாகும், மீதி பிள்ளைத்துணியாகும். எஞ்சியதை அம்மா விளக்குத் திரியாகத் திரித்துவிடுவாள். எழுபதுகளில் அப்பாவுக்கு ஒரு டெரிலின் சட்டை வந்து சேர்ந்தது. இரவில் அலசிப் போட்டால் விடிவதற்குள் உலர்ந்துவிடும், இஸ்திரியும் வேண்டாம். அந்த ஒரு சட்டை எங்கள் வீட்டில் இரண்டு சட்டைகளுக்குச் சமமாக இருந்தது. வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு அவர் பட்ட அவதி வேறு கதை.

தீபாவளிக்கு முதல் நாள் நள்ளிரவு தாண்டித்தான் அப்பா வருவார். கையில் ஒரே தானிலிருந்து கிழித்த துணி இருக்கும். அக்காவுக்கு ரவிக்கை, எனக்குச் சட்டை, மிஞ்சியதில் தலையணை உறை. அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பூ பூத்திருக்கும்.

இதையெல்லாம் நான் ஒரு பெருமையான பரம்பரையாக நினைத்துக்கொண்டேன். நண்பர்கள் கூடும் இடங்களில் என் ஐந்து சட்டைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். ஸ்டீவ் ஜாப்ஸின் கறுப்புச் சட்டையை மேற்கோள் காட்டினேன். சாம்பல், நீலம் என்ற இரண்டு நிறக் கோட்டுகளை மட்டுமே அணிவதாகவும், முடிவெடுக்க வேண்டியவை வேறு நிறைய இருப்பதாகவும் ஒபாமா 2012-இல் ஒரு பேட்டியில் சொன்னதைச் சொன்னேன். நாட்டை ஆள்கிறவர் அப்படிச் சொல்லலாம். வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்த எனக்கு அப்படி என்ன முடிவுகள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

என் மனைவி மட்டும் ஒருமுறை, "அஞ்சு சட்டைன்னா வாரத்துக்கு ரெண்டு தடவை துவைக்கணும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றாள். அதை நான் அப்போது நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன்.

2018 பொங்கலுக்குக் கோயம்புத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். அத்தானின் தொழில் நன்றாக நடந்து, பிள்ளைகளும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். அக்காவின் அறையில் இரண்டு இரும்பு பீரோக்கள். எதையோ எடுக்க அவள் ஒன்றைத் திறந்தாள். புடவைகள் அடுக்கடுக்காக, நூலகத்தில் புத்தகங்கள் இருப்பதுபோல் இருந்தன. சிலவற்றில் கடையின் விலைச்சீட்டுகூடப் பிரிக்கப்படவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. புறநானூற்றின் 189-ஆம் பாடலில் தொடங்கினேன். உலகம் முழுவதையும் ஆள்கிறவனாக இருந்தாலும் வேட்டையாடித் திரிகிறவனாக இருந்தாலும் உடுப்பதற்கு இரண்டு துணிகள்தாம் என்று நக்கீரனார் சொல்வதை விளக்கினேன். அப்பாவின் இரண்டு சட்டைகளுக்கு வந்தேன். நம் வீட்டில் என்ன குறைந்துபோயிற்று என்று கேட்டேன்.

அக்கா பீரோவைச் சாத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

"கேக்க நல்லாத்தான்டா இருக்கு, தம்பி" என்றாள். "என்னைக் காலேஜ்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

1978-இலிருந்து 1981 வரை அக்கா கல்லூரியில் படித்தாள். அவளிடம் இரண்டு பாவாடைகளும் மூன்று தாவணிகளும் இருந்தன. பச்சை, அரக்கு, மஞ்சள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துத்தான் எல்லாம் என்பதால், அம்மா துணி துவைப்பது ஞாயிறும் புதனும் மட்டும். ஆகவே திங்களன்று பச்சை, செவ்வாயன்று அரக்கு, புதனன்று மஞ்சள். அன்று பகலில் துவைத்துக் காய்ந்த பச்சை வியாழனுக்கு, அரக்கு வெள்ளிக்கு. இதில் அவள் தேர்ந்தெடுத்தது எதுவும் இல்லை. தண்ணீர் எழுதிய அட்டவணை அது. முதல் பருவம் முடிவதற்குள் வகுப்பில் ஒருத்தி இதைக் கண்டுபிடித்துவிட்டாள். அக்கா மஞ்சள் தாவணியில் நுழைந்த ஒரு காலை, "மஞ்சள் வந்தாச்சு, இன்னைக்குப் புதன்கிழமை" என்று சொல்லியிருக்கிறாள். அன்று முதல் அக்காவின் பெயர் காலண்டர்.

முறையை மாற்றிப் பார்த்திருக்கிறாள். இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு குடத்தை எடுத்து அலசிப்போட்டு, காலையில் ஈரத்தோடு சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் முடியவில்லை. கடைசி வருடம் வகுப்பு முழுவதையும் நிறுத்தி எடுத்த படத்தில் அவள் இல்லை. படம் எடுத்தது ஒரு புதன்கிழமை.

"காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன்" என்றாள்.

அந்தக் காய்ச்சல் எனக்கு நினைவிருக்கிறது. நான்தான் தெருமுனைக் கடையில் ரொட்டி வாங்கிவந்து கொடுத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நெற்றியில் கை வைக்க விடவில்லை.

"நீ இப்ப இருக்கிறது விரதம்டா. நாம அன்னைக்கு இருந்தது பட்டினி" என்று அக்கா சொன்னாள். "ரெண்டுலயும் வயிறு காலியாத்தான் இருக்கும். அதுக்காக ரெண்டும் ஒண்ணாயிருமா?"

நான் பதில் சொல்லவில்லை. அந்த மூன்று வருடங்களும் அதே வீட்டில், அதே கொடிக்குக் கீழே படித்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கும் இரண்டே சட்டைகள்தான். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை. வகுப்பில் அறுபது பேரும் தினமும் அதையேதான் போட்டிருந்தார்கள். சீருடை எங்கள் வறுமையை என் விஷயத்தில் மூடி மறைத்துவிட்டது. கல்லூரியில் சீருடை கிடையாது. அக்கா வெட்டவெளியில் நின்றிருக்கிறாள்; எனக்குத் தெரியவில்லை. கொடியில் மூன்று நிறங்கள் காய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருந்தது என்றுகூட நினைவு.

ஊர் திரும்பிய பிறகு காந்தியின் சுயசரிதையை எடுத்து சம்பாரண் பகுதியைத் தேடினேன். பித்திஹர்வாவுக்கு அருகில் ஒரு சிறிய கிராமத்தில் பெண்கள் அழுக்குத் துணியோடு இருப்பதைக் கண்டு, ஏன் துவைத்துக் கட்டுவதில்லை என்று கேட்கச் சொல்லிக் கஸ்தூர்பாவை அனுப்புகிறார். ஒரு பெண் அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துப்போய்க் காட்டுகிறாள். பெட்டியும் இல்லை, அலமாரியும் இல்லை. கட்டியிருக்கும் புடவைதான் அவளிடமிருப்பது. இதை எப்படித் துவைப்பது என்று கேட்கிறாள். இது 1917. மதுரைக்கு நான்கு ஆண்டுகள் முந்தையது. எத்தனையோ முறை படித்த பகுதிதான். அதுவரை என் கவனமெல்லாம் துணியைத் துறந்தவர் மீதே இருந்தது. குடிசைக்குள் அழைத்துப்போனவளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் அப்போது உறைத்தது. ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் காலை நிகழ்ச்சி நடத்திய கார்ல் ஸ்டெஃபனோவிக் என்பவர், ஒரே நீலக் கோட்டை ஒரு வருடம் ஏறக்குறைய எல்லா நாளும் அணிந்துவந்ததாக 2014-இல் வெளியிட்டார். யாருமே கவனிக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்து நிகழ்ச்சி நடத்திய பெண்ணின் உடைகளைப் பற்றியோ நேயர்கள் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதை நிரூபிக்கவே அப்படிச் செய்ததாகச் சொன்னார். செய்தி வந்தபோது படித்துச் சிரித்திருக்கிறேன். வங்கியில் என் வெள்ளைச் சட்டையை எல்லோரும் கொள்கை என்றார்கள். என் பக்கத்து மேசைப் பெண் ஒரே புடவையை ஒரு வாரத்தில் இரண்டு முறை கட்டி வந்தால், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன்.

நான் இன்றும் ஐந்து சட்டைகளோடுதான் இருக்கிறேன். எனக்கு அது சரியாகவே இருக்கிறது, மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. துவைப்பது மட்டும் இப்போது என் வேலை. கூட்டங்களில் சட்டையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

அன்று மாலை கோயம்புத்தூரில் அக்கா என் மனைவியைக் கூப்பிட்டுப் புடவை ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இவள் வேண்டாமென்று மறுக்க, அவள் வற்புறுத்த, இரண்டு பீரோக்களும் விரியத் திறந்தன. அப்போதுதான் பார்த்தேன். ஒரு கதவின் உட்புறத்தில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் நூலில் கட்டித் தொங்கியது. எடுத்துப் புரட்டினேன். அக்காவின் சாய்வான கையெழுத்தில் பக்கம் பக்கமாக, தேதி, விசேஷம், யார் வீடு, கட்டிய புடவை.

"எதுக்குக்கா இது?"

"ஒரே ஆளுங்க முன்னாடி ரெண்டாந்தரம் கட்டிரக் கூடாதுல்ல" என்றாள். "வயசாச்சு, மறந்து போகுது."

என் கையிலிருந்து நோட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். பொங்கல், தம்பி வந்தது என்று எழுதி, அதற்கு நேரே அன்று கட்டியிருந்த புடவையின் நிறத்தையும் எழுதினாள்.