திருப்பாச்சேத்தியில் ஒரு திட்டு!

அரிவாளை நியூஸ் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதில் ஒரு சௌகரியம் உண்டு. பக்கத்து ஸீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள்! மதுரையிலிருந்து சிலைமான், திருப்புவனம் தாண்டித் திருப்பாச்சேத்தி வரை ராஜா மாதிரி போனேன்.

மனசுதான் சரியில்லை. அது அப்பாவின் அரிவாள். நாற்பது வருஷமாக அவர் கையில் இருப்பது. நுனி லேசாக வளைந்திருந்தது. முந்தின வாரம்தான் பாத்திரக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுச் செப்புக் குடத்து ஒடுக்கை, நெருப்பே இல்லாமல் டொக்கு டொக்கென்று தட்டி எடுத்துவிட்டுப் போயிருந்தார். 'இவ்வளவுதானே!' என்று நானும் சுத்தியலை எடுத்தேன். அரிவாள் வாயில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல்!

2005-ல் விஜய் படம் வருவதற்கு எவ்வளவோ முந்தியே அரிவாளுக்குப் பேர் போன ஊர் இது. பட்டறைப் பெரியவர் விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"யாரு தட்டுனது?"

"நான்தாங்கய்யா... குடத்தை இப்படித்தான் தட்டினாங்க..."

"குடமும் அருவாளும் ஒண்ணா தம்பி? பச்சையாத் தட்டினா வெடிக்காம என்ன செய்யும்?"

திட்டிக்கொண்டே உலையிலிருந்து ஒரு லாரிப் பட்டையை இழுத்தார். பழுத்த நாரத்தங்காய் நிறம். ஆயிரம் டிகிரிக்குக் குறையாது. தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது, கண்தான். சம்மட்டி விழ விழக் களிமண்ணாய் நீண்டது. கருஞ்சிவப்புக்கு இறங்கியதும் அடியை நிறுத்தி மறுபடி உலைக்குள் தள்ளிவிட்டார்.

விஷயம் இதுதான். உலோகத்துக்குள் பொடிப் பொடி மணிகள் இருக்கின்றன. நல்ல சூட்டில் அடித்தால், நசுங்கிய மணிகள் அப்போதைக்கப்போது புதிதாய் உருவாகிவிடும். அடி மனசில் தங்காது. குளிரத் தட்டினால் ஒவ்வொரு அடியும் உள்ளே தங்கி, உலோகம் விறைத்துக்கொண்டே போகும். செம்பு அதைக் கொஞ்ச நேரம் தாங்கும். முரண்டு பிடித்தால் பாத்திரக்காரர் சிவக்கக் காய்ச்சி, சாந்தப்படுத்தி மறுபடி தட்டுவார். வழவழப்பும் அளவும் அதில்தான் சுத்தம். சூட்டு வேலையில் மேலே கறுப்புச் செதில் உதிரும்.

அரிவாள் வாயோ ஏற்கெனவே காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து விறைத்தது. அதற்கு மேல் தாங்க இடம் ஏது? வேடிக்கை பாருங்கள், சிவந்த செம்பை அதே தண்ணீரில் முக்கினால் மெத்தென்றுதான் வரும்!

இன்னொரு வேடிக்கை, நம் வீட்டு ஈயச் சொம்பு. அந்த வெள்ளீயத்துக்கு நம் வீட்டுக் கூடத்துச் சூடே போதும், மணிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும். கை சுடாமல் தட்டினாலும் இன்ஜினீயர் கணக்கில் அது சூட்டு வேலை!

"இது அருவாளாத் திரும்பாது. விரிஞ்சதை வெட்டிட்டு, மிச்சத்தைக் காய்ச்சித் தேங்காக் கத்தி போட்டுத் தரட்டா?"

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

திரும்பும்போது பார்சல் சின்னது. அப்பாவிடம் என்ன சொல்வதென்று யோசித்தபடி வந்தேன். பக்கத்து ஸீட்டில் தைரியமாக உட்கார்ந்த ஒருவர், மதுரை வரை கொய்யாப்பழம் கடித்துக்கொண்டே வந்தார்.