நிலத்துக்கு ஓய்வு உண்டு... விவசாயிக்கு?

ஓசூர் பக்கம் பல வீடுகளில் ஒரே ஆள் இரண்டு வேலை பார்க்கிறார். ஒன்று சிப்காட் கம்பெனியில், இன்னொன்று தோட்டத்தில். இரவு ஷிஃப்ட் முடித்து பஸ்ஸில் இறங்கும் கையோடு தக்காளி பறிக்கப் போகிறார். மாதச் சம்பளம் வீட்டைத் தாங்குகிறது, தோட்டம் மனதைத் தாங்குகிறது என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால், இரண்டையும் தாங்குகிற உடம்பை யார் தாங்குவது?

சூளகிரி அருகே இரண்டு ஏக்கரில் தக்காளியும், வீட்டுச் சாப்பாட்டுக்கு அரை ஏக்கரில் ராகியும் போடும் ஒரு விவசாயிக்கு இந்தக் கேள்வி தாமதமாகத்தான் வந்தது. வயது 46. உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. மும்முனை மின்சாரம் நடுராத்திரி வந்தால் எழுந்துபோய் மோட்டார் போடுவார். ராகி கதிர் பிடித்துவிட்டால் யானைக் காவலும் உண்டு. தூக்கம் என்பது கிடைத்த நேரத்தில் கிடைத்த இடத்தில் சாய்வதுதான்.

பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தார். சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடித்தார். பின்கழுத்து வலியை மூட்டை தூக்கியதால் வந்தது என்று தள்ளிவிட்டார்.

அம்மாவுக்கு வந்தவர் மகனையும் பார்த்தார்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான், சாமனப்பள்ளி கிராமத்தில். ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களுக்கு வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் திட்டம் அது. இவருடைய அம்மாவுக்கு மாத்திரை கொடுக்க வந்த தன்னார்வலர், திண்ணையில் உட்கார்ந்திருந்த மகனையும் பார்த்து, “அண்ணா, நீங்களும் கையைக் கொடுங்க” என்றார். அம்மாவைவிட மகனுக்கு அழுத்தம் அதிகம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், “எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?” என்று கேட்டார். இவரால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்குப் பார்த்ததே இல்லை.

தக்காளி எடுத்த நிலத்தில் உடனே தக்காளி வைக்க மாட்டார் இவர். ராகியோ அவரையோ போட்டு மண்ணை மாற்றிவிடுவார். மண்ணுக்குத் தெரிந்த நியாயம் தன் உடம்புக்கும் பொருந்தும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பெரிய மாற்றம் எதுவும் செய்யவில்லை. செல்போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டர் வாங்கிப் பொருத்தினார். நடுராத்திரி நடை நின்றது. இரவு ஷிஃப்ட் முடித்த அன்று தோட்டத்துக்குப் போவதில்லை. ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். தூங்கப் போகும் முன் குடித்த டீயை விட்டார். யானைக் காவலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு முறை போட்டுக்கொண்டார். கோபம் வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நிதானமாக வெளியே விட்டார். மூச்சை நீட்டி வெளியே விடும்போது இதயத் துடிப்பு தணியும் என்பது உடலின் இயல்பு. அதற்குக் காசும் வேண்டாம், இடமும் வேண்டாம்.

வரவு, செலவு, இன்னொரு பத்தி

வீட்டில் கணக்கு எழுதுவது மனைவி. மருந்து, உரம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாம் அந்த நோட்டில் இருக்கும். ஒருநாள் அவர், “ஏங்க, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு எழுதுறோம். யார் நமக்குக் கை கொடுத்தாங்கன்னும் ஒரு வரி எழுதுங்களேன்” என்றார்.

முதலில் விளையாட்டாகத்தான் எழுதினார். ‘மோட்டார் காயில் எரிந்தது. மேல் தோட்டத்துக்காரர் தண்ணீர் விட்டார்.’ ‘வண்டிக்காரர் வாடகையை அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.’ ‘அம்மா களி கிண்டி எடுத்து வைத்திருந்தாள்.’ இப்படி ஒரு வரி, இரண்டு வரி.

இதற்கு ஆராய்ச்சித் துணையும் இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நன்றிக்குரியவற்றை வாரம் ஒருமுறை எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்க்கையைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். நமக்கு இது புதிதல்ல. மாட்டுப் பொங்கலும் ஆடிப்பெருக்கும் ஊரே சேர்ந்து நன்றி எழுதும் நாள்கள்தாம். ஆண்டுக்கு ஒருநாள் செய்வதை இவர் தினமும் செய்தார். எழுதியதோடு நிற்கவில்லை, பெயர் வந்த ஆளைப் பார்க்கும்போது வாய்விட்டுச் சொன்னார். ஷிஃப்ட் மாறி மாறி யாரோடும் பேசாமல் போனவருக்கு, ஊரில் மறுபடி நாலு பேர் கிடைத்தார்கள்.

வெறுமையாகக் கிடந்த பக்கம்

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்து பல பேர் நட்டார்கள். இவரும் நகையை அடகு வைத்து, இரண்டு ஏக்கரிலும் நட்டார். செப்டம்பரில் காய் வந்தபோது விலை சரிந்து கிடந்தது. ராயக்கோட்டை மண்டிக்குக் கொண்டுபோனால் பறிப்புக் கூலிக்குக்கூட கட்டவில்லை. காயைச் செடியிலேயே விட்டார்.

அந்த வாரம் நோட்டில் நன்றிப் பத்தி வெறுமையாகக் கிடந்தது. நான்காவது நாள், ‘எழுத ஒன்றுமில்லை’ என்று இருந்தது. மனைவி அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மோட்டார் ரூமில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு போய், அண்ணன் வீட்டில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “செத்துடலாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டார். அவர் அழுதார். அன்றிரவு இருவரும் சேர்ந்து 14416-க்கு போன் செய்தார்கள்.

அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தவறு. கேட்பது பாரத்தை இறக்குகிறது. மருந்தை எட்டாத இடத்தில் வைப்பதும் உயிர் காக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் பூ விவசாயம் செய்யும் கிராமங்களில், சென்னை ‘சிநேகா’ அமைப்பின் டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழு பூச்சிமருந்துக்குப் பொதுக் கிடங்கு அமைத்துப் பார்த்தது. வீட்டில் வைக்காமல், பூட்டிய பெட்டியில் அங்கே வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கிராமங்களில் பூச்சிமருந்து குடித்துச் சாவது குறைந்தது என 2013-ல் ஆய்வு வெளியானது. கொடிய எண்ணம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. ரோஜாவுக்கும் தக்காளிக்கும் வாரந்தோறும் மருந்தடிக்கும் ஓசூர் வட்டாரத்துக்கு இது அவசியமான பாடம்.

நன்றி வேறு, பொறுத்துப்போவது வேறு

நன்றி எழுதினால் தக்காளி விலை ஏறாது. அடகு மீளாது. குளிர்பதனக் கிடங்கும் நியாய விலையும் கேட்கவேண்டியவை; கேட்கத்தான் வேண்டும். ஆனால், தூங்காத கண்ணோடும் தனித்துப்போன மனதோடும் கேட்க முடியாது. அடுத்த போகத்துக்கு என்ன வைப்பது என்று நிதானமாக முடிவெடுக்கவும் முடியாது. இவர் இப்போது ஓர் ஏக்கரில்தான் தக்காளி வைக்கிறார். மற்றதில் அவரையும் கொத்தமல்லியும். ரத்த அழுத்த மாத்திரை தொடர்கிறது. நகையில் பாதி மீண்டிருக்கிறது.

14416 என்பது மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ சேவை. 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இதற்கு வழிகாட்டும் நிம்ஹான்ஸ் மருத்துவமனை பெங்களூரில் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. நம் தக்காளி வண்டி போகும் அதே சாலை. தமிழக அரசின் 104 எண்ணிலும், ‘சிநேகா’வின் 044-24640050 எண்ணிலும் பேசலாம்.

கணக்கு நோட்டு எல்லா விவசாயி வீட்டிலும் இருக்கிறது. அதில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள். பத்தி வெறுமையாகக் கிடந்தால், வீட்டில் ஒருவர் அதைக் கவனிக்கட்டும்.