மூடிக்குக் கூலி இல்லை

2025-ஆம் ஆண்டின் கடைசியில் தமிழ்நாட்டுப் பொருள்கள் ஐந்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தது. உறையூர்ச் சேலை, கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, நாமக்கல் மாக்கல் பாத்திரம், தூயமல்லி அரிசி இவற்றோடு அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும், அதாவது குழந்தைகள் வைத்து விளையாடும் குட்டி மரச் சமையல் சாமானும், பட்டியலில் இருந்தது. கல்லிடைக்குறிச்சி நண்பர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, “பேப்பர்ல படிச்சா போதுமா? ஆத்தைத் தாண்டுனா பட்டறை. வாங்க, காட்டுதேன்” என்றார்.

ஓட்டுக் கூரை. இரண்டு லேத். ஒரு மூலையில் மரச்சுருள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஒரு லேத்தில் இருந்த பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. இன்னொரு லேத்தில் அவருடைய தங்கை மகன். ஐடிஐயில் டர்னர் படித்தவன். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு இரும்பு கடைந்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு வந்து மாமாவிடம் மரம் பழகுகிறான். அவன் சட்டைப் பையில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தது. நான் போனது அம்மி, ஆட்டுக்கல் கடைவதைப் பார்க்க. ஆனால் அந்தக் காலிப்பரை விட்டு என் கண் நகரவில்லை.

அவன் குங்குமச் சிமிழ் கடைந்துகொண்டிருந்தான். உரலும் உலக்கையும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிட்டனவாம், மூடி போட்ட சாமான்தான் வழிக்கு வரவில்லை. ஒரே கட்டையில்தான் மூடியையும் உடலையும் எடுக்க வேண்டும். கட்டையை லேத்தின் தலைக் குழிவில் சுத்தியலால் தட்டி இறுக்கி, உருட்டி, மூடியின் உட்புறத்தைக் குடைந்து அறுத்துத் தனியாக வைக்கிறான். மிச்சக் கட்டையில் கழுத்து. கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, மூடியை அதன்மேல் அழுத்திப் பார்த்து, மறுபடி சீவுகிறான். சரியாக உட்கார்ந்ததும் இரண்டையும் சேர்த்தே சுழலவிட்டு வெளிப்புறத்தைச் சமன் செய்ய வேண்டும். கழுத்து தளர்ந்திருந்தால் மூடி பறக்கும், இறுகியிருந்தால் வெடிக்கும். நான் நின்ற நேரத்தில் ஒன்று பறந்து சுவர் காலண்டரில் பட்டு விழுந்தது. அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உட்குடைவில் இன்னொரு சிக்கல். நீளவாக்கில் நிற்கும் நாரின் முகத்தில் உளி இறங்குவதால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித்தான் இழுக்க வேண்டும். இரும்பு லேத்தில் உளியை ஒரு தாங்கியில் பூட்டி, கைப்பிடியைத் திருகி நகர்த்துவார்கள். இங்கே தாங்கி உன் முழங்கைதான் என்று மருமகனுக்கு அண்ணாச்சி சொல்லிக் கொடுத்தார். அவனோ விளிம்பிலிருந்து உள்ளே போனான். உளி நாரில் மாட்டி, கட்டை குழிவை விட்டே வெளியே வந்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அவன் ஒரு சிமிழைக் கச்சிதமாக முடித்திருந்தான். மூடியின் உள்விட்டம், கழுத்தின் வெளிவிட்டம் இரண்டையும் காலிப்பரில் அளந்து சுவரில் பென்சிலால் எழுதியும் வைத்திருந்தான். காலையில் மூடி ஏறவில்லை. அளந்தால் எண் மாறியிருக்கிறது. போதாததற்கு, காலிப்பரை ஒரு பக்கம் வைத்தால் ஓர் அளவு, கால் சுற்றுத் திருப்பி வைத்தால் வேறு அளவு.

“கம்பெனில இரும்பு. வச்சா வச்ச எடத்துல கெடக்கும். இது மரம்லா. ராத்திரி மழை பெஞ்சுதுல்லா, அது குடிக்காம இருக்குமா?” என்றார் அண்ணாச்சி.

ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அசைவதில்லை. வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் வட்டமாகக் கடைந்தது நீள்வட்டமாகிவிடும். அண்ணாச்சி மூடியைக் கையில் வாங்கி, அதன் ரேகையும் உடலின் ரேகையும் ஒரே நேராக வரும்படி திருப்பி அழுத்தினார். ‘டொப்’ என்று உட்கார்ந்தது. இரண்டும் ஒரே கட்டை என்பதால் ஒரே திசையில்தான் கோணியிருந்தன. பையன் காலிப்பரைப் பைக்குள் போட்டுவிட்டு மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

கோணாமலே இருக்கவும் வழி உண்டு. முதலில் தடிமனாகக் கடைந்து, நிழலில் வாரக்கணக்கில் காயப் போட்டு, கோண வேண்டியதெல்லாம் கோணி முடித்த பிறகு மறுபடி லேத்தில் ஏற்ற வேண்டும். அண்ணாச்சியின் அப்பா காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம். அப்போது மோட்டார் கிடையாது. ஓர் ஆள் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, கட்டை இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றும். முன்சுற்றில் மட்டும் உளி வைக்கலாம், பின்சுற்றில் எடுத்துவிட வேண்டும். மரமும் அப்போது மலையிலிருந்து வந்த மஞ்சக்கடம்பு. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமான பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை என்றார். இப்போது மர அறுவை மில்லில் கழிவது எதுவோ அதுதான் வருகிறது. அதில் ஈரம் எவ்வளவு என்று மில்காரருக்கே தெரியாது.

சாயம் கலக்கும் கட்டத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டதால் தெருவில் டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அரக்கு ஏறிக்கொண்டிருந்தது. சுற்றும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டிலேயே உருகிப் பிடித்துக்கொள்கிறது. அதன்மேல் தாழை மடலை வைத்து இழுத்ததும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கர்நாடகத்துச் சென்னபட்டணாவிலும் ஆந்திரத்து எட்டிகொப்பாக்காவிலும் மர பொம்மைகளுக்கு இதே அரக்கு, இதே தாழை மடல்தான். அங்கே மரம் மட்டும் வெட்பாலை. சிமிழின் கழுத்தில் மட்டும் அரக்கு படக்கூடாது. பட்டால் மூடி ஒட்டிக்கொள்ளும்.

கூலிப் பேச்சுக்கு வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. வெளியூர் வியாபாரி செட் கணக்கில் வாங்குகிறார். செட்டில் இத்தனை உருப்படி, உருப்படிக்கு இன்ன விலை. உலக்கையும் ஓர் உருப்படி, மூடி போட்ட சிமிழும் ஓர் உருப்படி. ஒரு சிமிழ் முடிக்கும் நேரத்தில் நாலு உலக்கை தள்ளிவிடலாம் என்கிறார் அண்ணாச்சி. மூடிக்கு என்று தனியாக ஒரு பைசா கிடையாது. ஆனால் மூடி தளர்ந்துவிட்டால் மட்டும் அது வியாபாரி கண்ணில் பட்டுவிடும். கழித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, அதற்கான பணத்தை அடுத்த பாக்கியில் பிடித்துக்கொள்வார். காய வைக்கக் காலமும் தரமாட்டார், கோணினால் பொறுப்பும் ஏற்க மாட்டார். மரத்தின் குணத்துக்கு அபராதம் கட்டுவது கடைசல்காரர்.

புவிசார் குறியீடு இதை மாற்றுமா? 1999-ஆம் ஆண்டுச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, விலையை அல்ல. அந்தப் பெயரைப் போட்டு விற்கவும் ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியே பதிய வேண்டும். 2021 முதல் பொம்மைகளுக்குக் கட்டாயமான தரமுத்திரையிலிருந்து இவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதற்கும் பதிவு வேண்டும். அண்ணாச்சியிடம் படிவம் இருக்கிறது, நிரப்பப்படாமல். வியாபாரி எல்லாரும் திருடர் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டி வாடகை, கடை வாடகை, விற்காமல் தேங்கும் சரக்கு அவருக்கும் உண்டு. ஆனால் உலக்கைக்கும் சிமிழுக்கும் வித்தியாசம் தெரியாமலா அவர் கடை நடத்துகிறார்?

பையன் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினான். கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் எழுதுவார்கள், அந்தப் பழக்கம் விடவில்லை. உலக்கை, உரல், குடம், சிமிழ் எனக் கட்டம் போட்டு, ஆரம்பித்ததும் முடித்ததும் நிமிஷக் கணக்கில் இருந்தது. மூடிக்கு மட்டும் தனிக் கட்டம். மாமாவின் நேரத்தையும் அவருக்குத் தெரியாமல் எழுதியிருந்தான்.

“இதை வியாபாரிக்கு அனுப்பப் போறேன் சார். மூடி போட்டது தனி ரேட்டுன்னு.”

“அனுப்பாதல. நம்ம நேரம் தெரிஞ்சா, இவ்வளவு சீக்கிரம் முடிக்கியளேன்னு உலக்கைக்கும் கொறைப்பான்” என்றார் அண்ணாச்சி.

“அப்பொ உலக்கைக் கணக்கை மறைச்சிருவோம் மாமா.”

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். “கொலு ஆர்டருக்கு அட்வான்ஸ் வரட்டும். அதுக்குப் பொறவு பேசுவோம்.”

“அட்வான்ஸ் வாங்குன பொறவு பழைய ரேட்டுலதான் முடிச்சுக் கொடுக்கணும். கேக்கணும்னா இப்பொதான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, பையன் நோட்டின் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் படம் எடுக்க ஆரம்பித்தான்.