ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்க

சாப்ட்வேர் கம்பெனியில நான் புடுங்குற ஆணிக்குப் பேர் டெஸ்டிங். அதாவது அடுத்தவன் ராப்பகலா உட்கார்ந்து எழுதினதுல நொட்டை சொல்றதுக்கு மாசச் சம்பளம். ஏழு வருசமா இதுதான் பொழப்பு. அதனால ஆச்சிக்கு ஒரு முதியோர் இல்லம் பார்க்கணும்னு முடிவானதும், "இது நம்ம ஏரியாதானே"ன்னு உள்ளுக்குள்ள ஒரு மிதப்பு. எக்ஸெல்லைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். அந்த மிதப்பு எப்படி இறங்குச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. வழக்கமான மொக்கை இல்லை, கொஞ்சம் பொறுமையா வாசிங்க மக்களே.

முதல்ல சின்னதா ஒரு கொசுவத்தி.

ஆச்சி என்றால் அம்மாவைப் பெத்தவ. வயசு 84. தாத்தா போன பிறகும் கல்லிடைக்குறிச்சி வீட்டில் தனியாத்தான் இருந்தா. போன வருசம் தை மாசம் பின்கட்டுல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சது. ஆபரேஷன் முடிஞ்சு பாளையங்கோட்டை பெருமாள்புரத்துல எங்க வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டோம். அப்பா இல்லை. 58 வயசு அம்மா ஒருத்திதான் தூக்கணும், குளிப்பாட்டணும், திருப்பிப் போடணும். ஏழு மாசத்துல அம்மாவுக்கு முதுகுல டிஸ்க் விலகிடுச்சு. ஒரு குடம் தண்ணி கூடத் தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்துக்க வச்ச ரெண்டு பேரும் அடுத்தடுத்து நின்னுட்டாங்க. நான் ரெண்டு மாசம் சிறுசேரி ஆபீசுக்குப் போகாம வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். ஆனா துணி மாத்துறதுக்கு ஆச்சி என்னை விடவே மாட்டா. "நீ ஆம்பளப் புள்ள, தள்ளிப் போ"ன்னு போர்வையைப் பிடிச்சுக்குவா.

கடைசியில பேச்சை எடுத்ததே ஆச்சிதான். "ஏ ஐயா, ஒங்கம்மை முதுகும் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் சேத்துல்லா ஆள் தேடணும். என்னைய எங்கயாவது கொண்டு விடு. ஆத்துத் தண்ணி கெடைக்கிற எடமாப் பாரு, அது போதும்."

மும்பையிலிருந்து மாமா போன்ல குதிச்சார். "ஊர்ல என்னலே சொல்லுவான்?" "ஊர்ல சொல்றவன் எவனும் ராத்திரி ரெண்டு மணிக்குத் துணி மாத்த வரமாட்டான் மாமா"ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நானும்தானே மாத்தல.

சரி, எக்ஸெல்லுக்கு வருவோம். மத்த நாட்டுல எப்படி மார்க் போடுறாங்கன்னு தேடினேன். இங்கிலாந்துல 2009 முதல் கேர் குவாலிட்டி கமிஷன்னு ஒரு அமைப்பு இருக்கு. பாதுகாப்பா இருக்கா, பலன் தருதா, பரிவா நடத்துறாங்களா, ஆளோட தேவைக்கேத்த மாதிரி கவனிக்கிறாங்களா, நிர்வாகம் ஒழுங்கா இருக்கா என்று ஐந்து கேள்வி வச்சிருக்காங்க. அமெரிக்காவுல 2008 டிசம்பர் முதல் ஹோட்டலுக்குப் போடுற மாதிரி ஐந்து நட்சத்திரம். நம்ம ஊர்ல 2007ல வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கு. ஆதரவில்லாத 150 பேராவது தங்குற மாதிரி மாவட்டத்துக்கு ஒரு இல்லத்துல தொடங்கி, படிப்படியா அரசு அமைக்கலாம்னு அதோட 19ஆவது பிரிவு சொல்லுது. இல்லங்களோட தரத்தை வகுக்குற பொறுப்பையும் மாநில அரசுக்குக் கொடுக்குது. ஆனா கல்லிடைக்குறிச்சி ஆச்சிக்கு இல்லம் தேடுறவன் கையில நட்சத்திரப் பட்டியல் எதுவும் இல்லை. நானே போட்டுக்கிட்டேன். 40 வரிசை, 100 மார்க். கைப்பிடி வச்ச கழிப்பறை, சாய்வுப்பாதை, ஜெனரேட்டர், டாக்டர் வர்ற நாள், சாப்பாட்டுப் பட்டியல், தீயணைப்புக் கருவி... எதையும் விடல.

ஆறு இல்லம் பார்த்தேன். முதலிடம் வந்தது நாலுவழிச்சாலைப் பக்கம் இருந்த ஒண்ணு. 91 மார்க். பளபளன்னு தரை, பினாயில் வாசனை, வாசல்ல ரோஜாத் தொட்டி. போன்ல நேரம் கேட்டு, காலையில 11 மணிக்குப் போனேன். மேலாளர் கூடவே வந்து சுத்திக் காட்டினார். பெரியவங்க எல்லாரும் குளிச்சு, நெத்தியில திருநீறு பூசி, வரிசையா நாற்காலியில இருந்தாங்க. இதுதான்னு முடிவே பண்ணிட்டேன்.

ஆனா ஹெல்மெட்டை மறந்து வச்சுட்டு வந்துட்டேன். :-)

அதை எடுக்க ராத்திரி எட்டு மணிக்குப் போனா விளக்கெல்லாம் அணைச்சாச்சு. வாட்ச்மேன் "உள்ளதான் வச்சிருக்கு, போய் எடுத்துக்கோங்க தம்பி"ன்னு விட்டுட்டார். வராண்டாவுல போறப்போ ஒரு குரல், "தண்ணி"ன்னு. எட்டிப் பார்த்தேன். ஒரு ஆச்சி. ஒரு கையைப் பழைய வேட்டித் துணியால கட்டில் கம்பியோட கட்டியிருந்துச்சு. தண்ணிப் பாட்டில் ஜன்னல் திட்டுல, கைக்கு எட்டாத தூரத்துல. எடுத்துக் கொடுத்தேன். பாதி பாட்டிலை ஒரே மூச்சுல குடிச்சா.

அதுக்குள்ள ஒரு அக்கா ஓடி வந்தாங்க. கண்ணுல தூக்கம். "கீழ விழுந்துருவாங்கல்லா தம்பி. முப்பத்திரண்டு பேருக்கு ராத்திரி நான் ஒத்த ஆளு. நான் என்னத்தப் பண்ண?"

அந்த அக்கா மேல எனக்குக் கோவம் வரல. காலையில ஏழு மணி வரைக்கும் அவங்கதான் அங்க. முப்பத்திரண்டு பேரை ஒத்தை ஆளா யார் பார்த்தாலும் கடைசியில அந்த வேட்டித் துணிக்குத்தான் வந்து நிப்பாங்க. நான் மார்க் போட்ட 40 வரிசையில "ராத்திரி எத்தனை பேர் வேலையில இருப்பாங்க?"ங்கிற கேள்வியே இல்லை. அமெரிக்காவுல 1987லயே ஒரு சட்டம் போட்டுட்டாங்க, பார்த்துக்குறவங்க வசதிக்காக யாரையும் கட்டிப் போடக்கூடாதுன்னு. அதைப் படிச்சிருந்தும் கேட்கத் தோணல.

எங்க வேலையில இதுக்கு ஒரு பேர் உண்டு, ஹேப்பி பாத். எல்லாம் சரியா நடக்குற வழியை மட்டும் சோதிச்சுப் பார்த்துட்டு, பாஸ்னு எழுதிட்டுப் போறது. கத்துக்குட்டி டெஸ்டர் பண்ற வேலை. நேரம் சொல்லிட்டு காலையில 11 மணிக்குப் போய்ப் பார்த்தது அதுதான். இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் சோதனைக்கு வர்றவங்க பெரும்பாலும் சொல்லாமத்தான் வர்றாங்க. அமெரிக்க நட்சத்திரக் கணக்குல வேலையாள் எண்ணிக்கையை முதல்ல இல்லங்களே சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2018ல இருந்து சம்பளப் பதிவை வச்சுக் கணக்கெடுக்குறாங்க. அவங்களும் பட்டுத்தான் திருந்தியிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் ஞாபகத்துக்கு வந்துச்சு. 2023 பிப்ரவரியில எல்லாப் பேப்பர்லயும் வந்ததே. அங்க சேர்த்த ஒரு பெரியவரை உறவுக்காரர் தேடி வந்தப்போ ஆள் அங்க இல்லை. விஷயம் ஆட்கொணர்வு மனுவா உயர்நீதிமன்றத்துக்குப் போச்சு. அதுக்குப் பிறகுதான் அதிகாரிகள் உள்ள போய்ப் பார்த்தாங்க. முறையான உரிமம் இல்லாமலே நடந்திருக்கு. 140 பேருக்கு மேல மீட்டு வேற இடங்களுக்கு மாத்தினாங்க. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போச்சு. எனக்கு அதுல உறைச்சது ஒண்ணுதான். ஒருத்தர் வந்து "எங்க ஆள் எங்க?"ன்னு கேட்டதுலதான் எல்லாமே வெளிய வந்துச்சு. கேட்க ஆள் இல்லாதவங்க கதி?

அப்பதான் எக்ஸெல்லை மூடினேன். ஒரு இல்லம் எப்படின்னு தெரியணும்னா, தேடி வர ஆளே இல்லாத ஒருத்தர் அங்க எப்படி இருக்கார்னு பார்க்கணும். ஆச்சிக்கு நானும் அம்மாவும் வருவோம்னு அவங்களுக்குத் தெரியும், அதனால ஆச்சியை நல்லாத்தான் வச்சுக்குவாங்க. ஆனா ராத்திரி மூணு மணிக்கு ஆச்சியும் கேட்க ஆள் இல்லாதவதானே?

மறுபடியும் முதல்ல இருந்து. இந்தத் தடவை சொல்லாம, ராத்திரி எட்டு மணிக்கு. ரெண்டு இடத்துல உள்ளயே விடல. அதுவே பதில்தான்.

என் லிஸ்டுல 58 மார்க் வாங்கி நாலாவது இடத்துல இருந்த ஒண்ணுக்குப் போனேன். மேற்கே, கன்னடியன் கால்வாய் போற வழியில ஒரு ஊர். பழைய கட்டிடம், தரையில ரெண்டு ஓடு உடைஞ்சிருக்கு, ரோஜாவும் இல்லை. 24 பேருக்கு ராத்திரி மூணு பேர் வேலையில. ஜன்னலோரக் கட்டில்ல ஒரு பாட்டிக்கு ஒரு அக்கா ரசஞ்சாதம் ஊட்டிக்கிட்டிருந்தாங்க. ஒரு வாய் ஊட்டி, முழுங்குறதைப் பார்த்து, அடுத்த வாய். நடுவுல மெகா சீரியல் கதை வேற. பாட்டிக்குப் பேச்சு வராது. "இவங்களுக்கு யாரு இருக்கா?"ன்னு கேட்டேன். "நாலு வருசமா யாரும் வரல தம்பி"ன்னாங்க. பாட்டி நகம் வெட்டியிருந்துச்சு. உதடு காயல. கண்ணாடிக் கூட்டுல கட்டில் நம்பர் எழுதி ஒட்டியிருந்துச்சு.

பொறுப்பாளர் அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "2023 டிசம்பர் வெள்ளத்துல என்ன பண்ணீங்க?" அந்த 17, 18 தேதியை தாமிரபரணிக் கரையில யாரும் மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. நெல்லையில ஜங்ஷனே தண்ணிக்குள்ள நின்னுச்சு. இதே கேள்வியை 91 மார்க்குக்காரர்கிட்ட போன்ல கேட்டப்போ, "நமக்கு ஒரு பிரச்சினையும் இல்ல சார்"னு முடிச்சுட்டார். இந்த அம்மா சொன்னது வேற. "ஏழு பேரைக் கட்டிலோட மாடிக்குத் தூக்குனோம். ஜெனரேட்டர் முங்கிட்டு. பிரிட்ஜ் ஓடல, இன்சுலினை மண்பானைக்குள்ள வச்சோம். சுகர் மாத்திரை ரெண்டு பேருக்கு ஒருநாள் தட்டிப் போச்சு. அது எங்க தப்புதான். இப்ப பத்து நாள் மருந்து மாடியிலயே இருக்கும்."

தன் தப்பைத் தானே சொன்ன ஒரே இடம் அதுதான். அங்கதான் ஆச்சியைச் சேர்த்தோம். குழாயில வர்றது ஆத்துத் தண்ணிதான், விசாரிச்சுட்டேன். :-)

யாருக்காவது உதவும்னு, இப்ப நான் பார்க்குற விஷயங்கள்:

1. பதிவு எண் கேளுங்க. மாவட்ட சமூகநல அலுவலகத்துல விசாரிங்க.
2. ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள்? அவங்க எத்தனை வருசமா அங்க வேலை பார்க்குறாங்க? மாசத்துக்கு மாசம் ஆள் மாறினா யோசிங்க.
3. தண்ணி கைக்கு எட்டுதா? கூப்பிட்டா யாராவது வர்றாங்களா, எவ்வளவு நேரத்துல?
4. எழுந்திரிக்க முடியாதவங்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுறாங்களா? நோட்டுல எழுதுறாங்களா? பக்கம் முழுக்க ஒரே பேனா, ஒரே மையில இருந்தா மொத்தமா உட்கார்ந்து எழுதினதா இருக்கலாம்.
5. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவுல எத்தனை மணி நேரம்? அமெரிக்க விதியில பொதுவா 14 மணி நேரம்தான் உச்சம். நம்ம ஊர்ல ஆறு மணிக்கே இட்லி கொடுத்துப் படுக்க வச்சா, சுகர்காரங்களுக்கு விடியக்காலையில மயக்கம் வரலாம்.
6. பகல் பூரா எல்லாரும் தூங்குறாங்களா? அப்படின்னா என்ன மாத்திரை கொடுக்குறாங்கன்னு கேளுங்க.
7. யாரும் வராதவர் யாருன்னு கேட்டு, அவரைப் போய்ப் பாருங்க.

இது நடந்து பதினோரு மாசமாச்சு. எல்லாம் சுபம்னு சொல்ல வரல. மூணாவது மாசம் ஒருநாள் ராத்திரி ஒம்பது மணிக்கு அம்மாவுக்கு அங்கிருந்து போன். "ஆச்சி குதிகால்ல செவப்பா ஒரு எடம் இருக்கும்மா. அமுக்குனா வெளுக்கல. நேத்து ஒரு ஆள் லீவு, ஒரு தடவை திருப்பிப் போடாம விட்டுட்டோம்." படுக்கைப்புண்ணோட முதல் படி அது. அம்மா ராத்திரி பூரா அழுதா. "நான் பார்த்திருந்தா வந்திருக்காது"ன்னு. வந்திருக்குமா வந்திருக்காதான்னு எனக்குத் தெரியல. குதிகாலுக்குக் கீழ காத்தோட்டம் விட்டுத் தலையணை வச்சு, பத்துப் பன்னிரண்டு நாள்ல சரியாயிடுச்சு. அவங்க மறைச்சிருந்தா புண்ணான பிறகுதான் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

அம்மா இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் பஸ் ஏறிப் போறா. ஒருநாள் காலையில, ஒருநாள் சாயங்காலம், கிழமையையும் மாத்தி மாத்தி. சந்தேகத்துலதான் ஆரம்பிச்சா, இப்ப பழக்கமாயிடுச்சு. மாமாவும் போன மாசம் மும்பையிலிருந்து வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போனார். ஊர்ல என்ன சொன்னான்னு அவரும் சொல்லல, நானும் கேட்கல.

போன தடவை நான் போனப்போ ஆச்சி காதுக்குள்ள சொன்னா. "ஏ ஐயா, அந்த ஜன்னல் கட்டில்காரிக்கு யாரும் வாரதில்ல. நீ வாரப்பல்லாம் அவகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போ. ஒனக்கு என்ன, வாயா வலிக்கப் போகுது?"

பேசினேன். பாட்டிக்குப் பதில் சொல்ல வராது, கையை மட்டும் பிடிச்சுக்கிட்டா.

இந்த வாரம் மறுபடி போறேன். எத்தனை மணிக்குன்னு அவங்ககிட்ட சொல்லல.

டிஸ்கி: அந்த 91 மார்க் இல்லம் எதுன்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். உங்க ஊர்லயும் ஒண்ணு இருக்கும். மூத்த குடிமக்களுக்கு உதவி எண் 14567. உங்க போன்ல போட்டு வச்சுக்கோங்க.