கடியாரம் பார்த்த மனிதர்

சென்ற கோடையில் எங்கள் தெருக்கோடியிலிருந்த துணிக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, சுடச்சுட அரைப் பத்தி எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: "எல்லோரும் உயிரைப் பணயம் வைத்து ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் வண்டியருகே நின்று கடியாரம் பார்த்துக்கொண்டிருந்தார்." ஆசிரியருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கடியாரக்காரரே காரியாலயத்துக்கு வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். "ஸார், அது கடியாரம் இல்லை. நாளைக் காலையில் நிலையத்துக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு.

போனேன். வண்டி ஓட்டுகிறவரே நெருப்பிடத்தில் பம்புக்கும் எஜமானர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பம்பின்மேல் வட்ட முகப்பும் முள்ளுமாக அழுத்தமானிகள். தூரத்திலிருந்து பார்த்தால் சாக்ஷாத் கடியாரம்தான்!

"நாலாவது மாடியில் நெருப்பு என்று வையுங்கள்" என்று பாடத்தைத் தொடங்கினார். "குழாய் முனையில் 4 கிலோ வேண்டும். இல்லாவிட்டால் வருவது கோயில் தீர்த்தம்."

சதுர செண்டிமீட்டருக்கு 4 கிலோ அழுத்தம் என்று பொருள். அவர்கள் பாஷையில் வெறும் கிலோ. தண்ணீர் 10 மீட்டர் உயர ஏறினால் 1 கிலோ செலவு. நாலு மாடி 12 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒன்றேகால். (1975-ல் தீப்பிடித்த சென்னை எல்.ஐ.சி. கட்டிடம் 14 மாடி, சுமார் 54 மீட்டர். உச்சிக்கு ஏறவே 5 கிலோவுக்கு மேல்!) அப்புறம் ஹோஸ். அதன் உட்சுவரை உரசிக்கொண்டு போவதற்கும் தண்ணீர் கூலி கேட்கிறது. 63 மில்லிமீட்டர் ஹோஸில், 30 மீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. நாலு ஹோஸ் கோத்தால் 2. ஆக, பம்பில் 7 கிலோவுக்குச் சற்று மேல்.

இவ்வளவுதானா, மளிகைக் கணக்கு என்று நினைத்தேன்.

"அவசரப்படாதீர்கள், ஸார். தண்ணீரை இரண்டு மடங்கு அனுப்பினால் உரசலில் போகிற அழுத்தம் நாலு மடங்கு" என்றார். நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்த வர்க்கம் ஹோஸுக்குள்ளே ஓடுகிறது!

பிறகு குழாய் முனையை என் கையில் கொடுத்தார். 20 மில்லிமீட்டர் வாய்; 4 கிலோவில் அது பின்னால் உதைக்கும் உதை 25 கிலோ எடைக்குச் சமம். இரண்டு பேர் என்னைத் தாங்கிக்கொண்டார்கள்; அப்படியும் மூக்குக்கண்ணாடி பறந்துவிட்டது. முனையில் 7 கிலோ வந்தால் உதை 45 கிலோவாம்.

"இரண்டு குழாய் ஓடும்போது ஒருத்தன் தன் குழாயைச் சட்டென்று மூடினால், மற்றவன் கையில் அழுத்தம் ஏறும். அந்த க்ஷணமே எஞ்சின் வேகத்தை நான் குறைக்கவேண்டும். அவன் ஏணிமேல் நின்றுகொண்டிருப்பான். முள்ளை நான் பார்க்காமல் யார் பார்ப்பது?"

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வண்டித் தொட்டி கொள்வது 4,500 லிட்டர். அந்த முனை ஒன்றே நிமிஷத்துக்கு 530 லிட்டர் குடிக்கிறது. எட்டரை நிமிஷத்தில் தொட்டி காலி.

"அன்றைக்கு?" என்று கேட்டேன்.

"ஒரே குழாய். உள்ளே இரண்டு பேர். ஒரு பையனுக்கு அதுதான் முதல் நெருப்பு. தண்ணீர் லாரி வந்து சேர்ந்தபோது தொட்டியில் ஒரு நிமிஷத்துத் தண்ணீர் மிச்சம். நிமிர்ந்து பார்க்க முடிந்திருந்தால் உங்களைப் பார்த்திருப்பேன், ஸார்."

திருத்தம் போட ஆசிரியர் இரண்டு வரி இடம் தருவதாகச் சொன்னார். நான் ஒரு பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.