அம்மன் சேலைக்கு ஓர் அலமாரி



நம்ம ஆலய வஸ்திர அறைக்குப் புது அலமாரி வந்திருக்கிறதை நிறைய பேர் பாத்திருப்பீங்க. “ஒரு கப்போர்டுக்கா இவ்ளோ செலவு?” என்று வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான், உங்க காணிக்கைப் பணம். பதில் சொல்லணும்னா முதல்ல என் தப்பைச் சொல்லணும்.

2019 நவராத்திரிக்கு முன்னால பழைய இரும்பு அலமாரி துருப்பிடித்து, சேலைகளில் கறை பட ஆரம்பிச்சது. புதுசு செய்யும் பொறுப்பு என்கிட்ட வந்துச்சு. மூணு இடத்தில் விலை கேட்டேன், குறைஞ்ச விலைக்காரரிடம் கொடுத்தேன். மேலே வெள்ளை ஃபார்மைக்கா, பளபளன்னு இருந்துச்சு. உள்ளே என்ன பலகைன்னு நான் கேட்கவே இல்லை.

உள்ளே இருந்தது சிப்போர்டு. மரச் சில்லையும் தூளையும் பசை போட்டு அழுத்தின பலகை. காய்ஞ்ச படுக்கையறையில் அது பல வருஷம் உழைக்கும். ஆனா நம்ம வஸ்திர அறை கருவறைக்குப் பின்பக்கம். அபிஷேகத் தண்ணி போகிற வாய்க்கால் அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடுது. போதாததற்குத் தினமும் தரை கழுவுறோம். தரையைத் தொடுகிற அடி விளிம்பில் பூச்சே இல்லை. சிப்போர்டு தண்ணியைக் குடிச்சா ஊதிடும், காய்ஞ்சாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஊதின இடத்தில் ஸ்க்ரூவும் பிடிக்காது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். குருக்கள் ஐயா மட்டும் நித்திய பூசை செஞ்சார், வஸ்திர அறையை யாரும் திறக்கலை. பல மாதம் கழிச்சு நான் போய்த் திறந்தப்போ கீல் பிடுங்கிக்கிட்டு கதவு கையோட வந்துடுச்சு. கீழ் அடுக்கு முழுக்கக் கரையான் மண். பதினோரு சேலை போச்சு. அதுல ஒண்ணு, தோட்டத்துல பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி, கூட்டுக் கட்டிச் சேத்த காசுல அம்மனுக்கு எடுத்துக் கொடுத்த அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. அம்மன் அதை ஒரே ஒரு தடவைதான் உடுத்தினா.

பாட்டி வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னேன். அவங்க கோபப்படலை. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “என்ன பலகைப்பா போட்ட?” என்று மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை. சேலை போனதை விட அதுதான் வெட்கமா இருந்துச்சு.

அதுக்கப்புறம் சேலைகளை பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்துச் சமாளிச்சோம். இப்போ மறுபடி அலமாரி என்றதும் பலகையில் இருந்து ஆரம்பிச்சேன். தேக்கு போடலாம்னு ஒருத்தர் சொன்னார், விலையைக் கேட்டதும் அவரே அமைதியாயிட்டார். கப்பூர் மரத்துல கற்பூர வாசம் வரும், பூச்சி அண்டாதுன்னு இன்னொருத்தர். வாசம் உண்மைதான், ஒரு காலத்துல பச்சைக் கற்பூரம் அந்த மர இனத்தில் இருந்துதான் எடுத்தாங்க. ஆனா ஈரம் பட்டா அந்த மரம் இரும்பை அரிக்கும், கறுப்புக் கறையும் விடும். பட்டுக்குப் பக்கத்துல எனக்குப் பயம். மெராந்தி நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கும், ஆனா மருந்தேற்றாத மெராந்தியைக் கரையான் விடாது.

மலிவும் நல்ல அழகும் ரப்பர் மரம்தான். நானே அதில் சாய்ஞ்சுட்டேன். பாட்டிகிட்ட சொன்னப்போ சிரிச்சாங்க. “வெட்டிப் போட்ட ரெண்டு மூணு நாள்லயே கறுத்துப் பூஞ்சை பிடிக்கிற மரம்ப்பா அது. நான் எத்தனை வருசம் அதுகூட வாழ்ந்தவ.” மருந்தேற்றி உலர்த்தின ரப்பர் மரத்தில் நல்ல மேசை நாற்காலி செய்றாங்க, குறை சொல்லலை. ஈரச் சுவர் அதுக்கான இடம் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் பிளைவூட். அதிலும் எல்லாம் ஒண்ணு இல்லை, உள்ளே இருக்கிற பசைதான் விஷயம். ரெண்டு கடையில் துண்டு வாங்கி, அன்னதானச் சமையலறையில் பழைய பானை ஒண்ணுல போட்டுச் சில மணி நேரம் கொதிக்க வெச்சேன். (சமையல் அக்காங்க திட்டினது தனிக் கதை.) சாதாரணத் துண்டு பரோட்டா மாதிரி அடுக்கடுக்கா பிரிஞ்சுடுச்சு. மெரின் பிளைவூட் துண்டு நிறம் மங்கினதோட சரி. அதையே 18 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தோம்.

அடிச்சட்டத்துக்கு மட்டும் செங்கால். பழைய மண்டபத்தைப் பிரிச்சப்போ எடுத்து வெச்ச உத்திரம் ஒண்ணு பின்னால மழையில் கிடந்துச்சு. மேலே நரைச்சிருந்தாலும் அறுத்ததும் உள்ளே புதுசு மாதிரி இருந்தது. தச்சருக்கு ரம்பப் பல் மழுங்கினதுதான் மிச்சம். அதுக்கும் கீழே ஆறு அங்குலத்துக்குச் சிமெண்ட் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டியிருக்கு. கழுவுற தண்ணி மரத்தைத் தொடாது, கரையான் ஏறினாலும் மண் தடம் கண்ணுக்குத் தெரியும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவுல ரெண்டு அங்குலம் இடைவெளி விட்டிருக்கோம். தயவுசெய்து அதுக்குள்ள துடைப்பத்தையும் காலி எண்ணெய் டின்னையும் சொருகாதீங்க. கீல் எல்லாம் துருப்பிடிக்காத எஃகு.

பில்லும், கொதிக்க வெச்ச ரெண்டு துண்டும் ஆலய அலுவலகத்துல இருக்கு. யார் வேணும்னாலும் வந்து பாக்கலாம்.

போன வெள்ளிக்கிழமை பாட்டி வந்தாங்க. சேலைகளைப் பாக்கலை. மெதுவா உக்காந்து, கையை உள்ளே விட்டு, பலகையோட அடி விளிம்பைத் தடவிப் பாத்தாங்க.

“இங்கயும் பூசியிருக்கியா?”

“பூசியிருக்கேன் பாட்டி. ரெண்டு தடவை.”

“சரி” என்று சொல்லிட்டு பிரகாரம் சுத்தப் போயிட்டாங்க.