முதலாளி சொன்ன ‘இல்லை’

பிள்ளைகள், எங்கள் மன்னார்க் கீரியில் பிறந்த எல்லோரும் கடலுக்குப் போன காலம் முடிந்துவிட்டது. மேசனோடு சாரம் ஏறுகிறீர்கள், லொறியில் மூட்டை ஏற்றுகிறீர்கள், ஐஸ் அடிக்கிற இடத்தில் இரவிரவாக நிற்கிறீர்கள். ஒருவன் விழுந்து கையை முறித்தால் முதலாளி பழங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்ப்பார். நட்டஈடு என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். “அது உன்ர கவனக்குறைவு தம்பி, சட்டத்தில ஒண்டும் இல்லை.” அத்தோடு முழு வீடும் வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைக் கண்டால்தான் எனக்குக் கோபம். காசு கொடுக்க வேண்டியவரே கொடுக்கத் தேவையில்லை என்று சொன்னால் அது தீர்ப்பாகுமா?

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளர். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறது. மலையகத் தமிழரான பெரி. சுந்தரம் தொழில் அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் அது. யாருடைய பிழை என்று அது தோண்டிக்கொண்டிருப்பதில்லை. வேலை காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்ததா என்றுதான் பார்க்கிறது. குடித்திருந்தது, சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கவசத்தை வேண்டுமென்றே கழற்றியது என்று சில விலக்குகள் உண்டு. ஆள் இறந்துபோனால் அவையும் செல்லா. வெறும் கவனக்குறைவு அந்த விலக்குகளில் சேராது.

எங்கள் பக்கத்தில் அதிகம் கேட்கிற பதில் இன்னொன்று: “நீ என்ர ஆள் இல்லை, கொந்தராத்துக்காரரின்ர ஆள்.” தன் தொழிலைச் சேர்ந்த வேலையை இன்னொருவருக்குக் கொந்தராத்துக் கொடுத்தவரும் பொறுப்பாளிதான். கொடுத்த காசை அவர் பிறகு கொந்தராத்துக்காரரிடம் வாங்கிக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. நியமனக் கடிதம் இல்லையே என்று கலங்கவும் வேண்டாம். வாய்ப்பேச்சில் எடுத்த வேலையும் வேலைதான். ஆனால் அதைக் காட்ட ஏதாவது வேண்டும்: சம்பளம் எழுதிய கொப்பி, “நாளைக்கு ஆறு மணிக்கு வா” என்று வட்ஸ்அப்பில் வந்த குரல், கூட நின்ற இரண்டு பேர்.

எல்லாவற்றையும்விட ஆஸ்பத்திரி வாசலில் சொல்கிற முதல் வார்த்தை பெரிது. “மோட்டார்சைக்கிளில இருந்து விழுந்ததெண்டு சொல்லு, செலவை நாங்க பாக்கிறம்” என்று யாராவது காதுக்குள் சொல்வார்கள். வலியில் நீங்களும் தலையாட்டுவீர்கள். அது அப்படியே எழுதப்படும், டயக்னோசிஸ் கார்ட்டிலும் ஏறும். பிறகு விசாரணையில் உங்களுக்கு எதிராக முதலில் நீட்டப்படுவது அந்த ஒற்றை வரிதான். எங்கே, எந்த வேலையில், எப்படி விழுந்தீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். உண்மையிலேயே வேலைக்குப் போகிற வழியில் விழுந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பிறகு வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையில் நேர்கிற விபத்தும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. நட்டஈட்டின் உச்சத் தொகை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக உயர்ந்ததும் அப்போதுதான்.

பங்குக்குக் கடலுக்குப் போகிறவனுக்கு இந்தப் பாதை கரடுமுரடானது என்பதை நான் மறைக்கவில்லை. “அவன் வேலையாள் இல்லை, பங்காளி” என்று வள்ளக்காரச் சம்மாட்டி சொல்வார். வள்ளமும் வலையும் யாருடையவை, முற்பணம் கொடுத்தது யார், எப்போது போவது என்று சொல்வது யார் என்றெல்லாம் காட்டி வழக்காட வேண்டியிருக்கும். வெல்லலாம், தோற்கவும் கூடும்.

ஆளுக்குச் சுகம் வருமுன்பே வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். வைக்காதீர்கள். வைத்துவிட்டாலும் எல்லாம் போய்விட்டதென்று இருந்துவிடாதீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிற உடன்படிக்கை சட்டப்படி செல்லாது. சாவு நடந்த வீட்டில் விதவையின் கையில் கொடுக்கிற கட்டுக்காசும் கணக்குத் தீர்த்ததாகாது. மரண நட்டஈட்டை ஆணையாளரிடம்தான் கட்ட வேண்டும்.

கோரிக்கை வைக்க இரண்டு வருடம் இருக்கிறது. காயம் ஆறட்டும், பெருநாள் கழியட்டும் என்று தள்ளித்தள்ளியே அந்தக் காலத்தை விட்டவர்கள் ஊரில் உண்டு. முதலாளிக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுங்கள், மன்னார்த் தொழில் அலுவலகத்தில் வழி கேளுங்கள், ஆணையாளருக்கு விண்ணப்பம் அனுப்புங்கள். கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அரச அலுவலகம் உங்களுக்குத் தமிழில் எழுத வேண்டும் என்பது அரசியலமைப்பிலேயே உள்ள உரிமை. அந்தக் கடிதத்தைத் தமிழில் தரும்படி தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். தபாற்கந்தோரில் தருகிற துண்டை டயக்னோசிஸ் கார்ட்டோடு சேர்த்து வையுங்கள்.